பதினான்காவது வரி

சாட்சிக் கூண்டில் ஏறுகிறவர்களுக்குப் பிரமாணம் சொல்லிக்கொடுத்தே பதினெட்டு வருடம் ஓட்டிய நீதிமன்ற எழுத்தர் நான். அதே பிரமாணத்தின்மேல் சொல்கிறேன், இது நடந்தது. நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு நஷ்டமில்லை.

ஒரு சாட்சியத்துக்கு நகல் கேட்டிருந்தார்கள். மறுநாள் மேல்முறையீட்டுக்குக் கடைசி நாள். கிடங்கில் பெருக்குகிற ஓர் அம்மா சொன்ன சாட்சியம் அது. அதை வைத்துத்தான் அவருடைய சொந்தத் தம்பிக்குப் பத்து வருடச் சிறை.

நகலை இரண்டு பேர் சேர்ந்து ஒப்பிட வேண்டும். ஒருவர் மூலத்தை வாய்விட்டுப் படிப்பார். எதிரே இருப்பவர் நகலில் வரிக்கு வரி பென்சிலால் டிக் அடிப்பார். என் கூட்டாளியோ பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நாலு மணிக்கே கம்பி நீட்டிவிட்டார். நகலை அவர் மேசையில் வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் தனியாகவே சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். மணி 5.40.

முதல் வரி முடிந்தது.

சர்க்...

எலியாக இருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். இரண்டாவது வரி. சர்க்... மூன்றாவது வரி. சர்க்... எந்த எலி வரி பார்த்து டிக் அடிக்கும்? தலையைத் தூக்கப் பயம். நிறுத்தவும் பயம். படித்துக்கொண்டே போனேன்.

5.47. பதினான்காவது வரி. ‘வாசலில் நின்றவன் என் தம்பிதான்.’

சத்தம் வரவில்லை.

மறுபடி படித்தேன்.

“நான் அப்படிச் சொல்லல, சார்.”

பெண் குரல். எதிர் நாற்காலி காலி.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. நீதிபதி சுருக்கிச் சொல்லச் சொல்ல அதை எழுதியவன் நான். எழுதியதைச் சாட்சிக்குப் படித்துக் காட்டுவது என் கடமை. அன்றைக்குச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. படிக்கத் தெரியாத அந்த அம்மாவிடம் “வைங்கம்மா” என்று கைரேகை வாங்கினேன். ‘படித்துக் காட்டினேன்’ என்று கையெழுத்தும் போட்டேன். அவர் என்னதான் சொன்னார்? சத்தியமாக எனக்கு நினைவில்லை.

“மாத்துங்க, சார்.”

“எனக்கு அதிகாரம் இல்லம்மா...”

மைப்பெட்டியின் மூடி திறந்தது.

டக்...

ஓடினேன். அறையைப் பூட்டக்கூட இல்லை.

காலை 10.05. நகலில் வரிக்கு வரி டிக். பதினான்காவது வரிக்கு மட்டும் இல்லை. அங்கே ஈரம் காயாத ஒரு கைரேகை. எடுத்துக்கொண்டு நீதிபதியின் அறைக்குப் போனேன்.

“நான் அன்னிக்குப் படிச்சுக் காட்டலைங்க...”

“கீழ இருக்கிறது உங்க கையெழுத்துதானே?”

“ஆமாங்க.”

“அப்புறம் என்ன? கறை பட்டதைக் கிழிச்சுட்டு வேற எடுங்க.”

வேறு எடுத்தேன். அதிலும் அதே இடத்தில் ரேகை. ‘உண்மை நகல்’ என்று முத்திரை குத்தினேன். வேறு எதற்கும் எனக்கு அதிகாரமில்லை.

11.20க்கு நகல் வாங்க வந்தவர் அந்தத் தம்பியின் மனைவி.

“உங்க நாத்தனார் நேத்து இங்க வந்தாங்களா?”

“அவங்க தீர்ப்பு வாசிச்ச அன்னிக்கே போயிட்டாங்க, சார். இன்னியோட முப்பது நாளாச்சு. வீட்டுக்கு வந்து படுத்தவங்க எந்திரிக்கவே இல்ல.”

“ஏதாவது சொன்னாங்களா?”

“ஒண்ணையேதான் திருப்பித் திருப்பிச் சொன்னாங்க. ‘நான் அப்படிச் சொல்லல, சார்’னு.” நகலை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். “எங்க வீட்டுல சார்னு யாரு இருக்காங்க, சொல்லுங்க.”