மயிலிட்டியில் மூன்று முறை விலைபோன அறக்குளா

யாழ்ப்பாணத்தின் வடகரையில் இருக்கும் மயிலிட்டிக்கு நான் முதன்முதல் போனது 1983 மாசியில். கடல் பார்க்கப் போகவில்லை, காசு கேட்கப் போனேன். அக்காவின் கணவருக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். சோறு இறங்காது, கஞ்சியும் பாலும்தான். அவரைப் பார்த்த டொக்டர், எங்கள் பக்கத்தில் இந்த நோய் ஏன் வருகிறது, நேரத்தோடு எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். நோயாளியிடம் எடுக்கும் தசைத் துணுக்கை மெல்லியதாகச் சீவும் கருவி பழுதாகி, அந்த வேலை நின்றுபோயிருந்தது. புதியது வாங்கப் பணம் சேர்க்க அத்தானே முன்வந்தார். "எனக்கு உதவாட்டிலும் பின்னாலை வாறவனுக்கு உதவும்" என்றார். துணைக்கு நான்.

முதலில் கொக்குவில், மானிப்பாய்ப் பக்கம் சைக்கிளில் சுற்றினோம். நோயின் பெயரைச் சொன்னதும் திறந்த வாசல் படலை பாதியில் நின்றுவிடும். தேத்தண்ணீர் தருவார்கள், அனுதாபத்தை அதைவிடத் தாராளமாகத் தருவார்கள். வருத்தத்தின் பெயரைச் சொல்லாமல் கேட்டால் காசு வரும் என்று ஒரு வீட்டில் புத்தியும் சொன்னார்கள். அத்தான் மசியவில்லை.

மயிலிட்டிக் கரையில் மீன் ஏலம் கூறும் மகேசன் அத்தானின் பழைய சிநேகிதர். கொக்குவிலில் காலை ரயில் ஏறினால் காங்கேசன்துறை பதினைந்து கிலோமீற்றர் வரும். அங்கிருந்து கிழக்கே பஸ்ஸில் கொஞ்சத் தூரம். நாங்கள் போய்ச் சேர, வள்ளங்களும் வந்து சேர்ந்தன.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. கோயிலுக்கென்று விட்ட மீனை ஏலத்தில் எடுப்பவர் வீட்டுக்குக் கொண்டுபோகமாட்டார். காசைக் கொடுத்துவிட்டு, மீனைத் திரும்பவும் கூறச் சொல்வார். எங்களுக்காக மகேசன் ஒரு பெரிய அறக்குளா மீனை மணலில் வைத்தார். வைத்தாரே தவிர, கூற வாய் வரவில்லை.

"கோயிலெண்டால் பேர் சொல்லிக் கூறலாம். கடலுக்குப் போற சனத்துக்கு முன்னாலை உந்த வருத்தத்தின்ரை பேரை எப்பிடி அண்ணை சொல்லுறது?"

நோயால் அத்தானுக்குக் குரல் கம்மியிருந்தது. "என்ரை தொண்டைக்கெண்டு கூறு."

மகேசன் தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு குரலெடுத்தார். "அண்ணையின்ரை தொண்டைக்கு! ஐம்பது ரூபா!"

நான் அழுதுவிட்டேன். விலை ஏறிக்கொண்டே போனது. முதலில் எடுத்தவர் திருப்பித் தந்தார், இரண்டாமவரும் தந்தார். மூன்றாவதாக எடுத்தவர் சின்னராசா, இரண்டு வள்ளங்களுக்குச் சொந்தக்காரர். காசைத் தந்தவர் மீனைத் தொடக்கூட இல்லை. அத்தானை ஒரு பக்கமாகக் கூட்டிப்போனார்.

"எனக்கும் இப்ப கொஞ்ச நாளாச் சோறு இறங்குதில்லை. வாயுவெண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறன். வீட்டிலை ஒருத்தருக்கும் தெரியாது."

"அப்ப வெளிக்கிடும், எங்கடை டொக்டரிட்டைப் போவம்" என்றார் அத்தான்.

இரண்டு பேராகப் போனவர்கள் மூன்று பேராகத் திரும்பினோம். தொண்டைக்குள் குழாய் விடும்போது எப்படி மூச்சு விட வேண்டும் என்று அத்தான் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். தான் ஊசிக்குப் பயந்து கத்தியதையும் நடித்துக் காட்டி அவரைச் சிரிக்க வைத்தார்.

கருவி வந்தது. மயிலிட்டிச் சனம் இல்லாவிட்டால் வந்திருக்காது, அந்த நன்றி எனக்குச் சாகும்வரை உண்டு. அதில் முதலில் சீவிப் பார்த்தவற்றில் சின்னராசா அண்ணையின் துணுக்கும் ஒன்று. நேரத்தோடு பிடிபட்டதால் அவருக்குச் சத்திரசிகிச்சை செய்ய முடிந்தது. அத்தானுக்கு அந்தக் கட்டம் எப்போதோ கடந்துவிட்டது. அடுத்த தையில் போய்விட்டார்.

இப்போது போக நினைப்பவர்களுக்கு: இடையில் போரால் நெடுங்காலம் மயிலிட்டிக்கு அந்த ஊராராலேயே போக முடியவில்லை. இன்று ரயில் மறுபடி காங்கேசன்துறை வரை ஓடுகிறது. விடியவே போங்கள், வெயில் ஏறினால் மீனும் இராது, கதைக்க ஆட்களும் இருக்கமாட்டார்கள். நல்ல காரியத்துக்குக் காசு கேட்டுப் போகிறவர்கள் எதற்கென்று வாய்திறந்து சொல்லுங்கள். சோறு இறங்காவிட்டால் வாயு என்று நாளைக் கடத்தாதீர்கள்.

அத்தானின் எட்டுச்செலவுக்கு, அதாவது இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைக்கும் எட்டாம் நாளுக்கு, சின்னராசா அண்ணை வந்திருந்தார். படையல் முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். அவர் சோற்றைக் குழைத்து ஒரு வாய் வைத்தார். அக்கா சோற்றுச் சட்டியோடு முன்னால் நின்று அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கியது.

"இன்னும் கொஞ்சம் போடு, தங்கச்சி."