வளையம் இல்லாத ஸ்கோப்

பன்றி கிளறிப்போட்ட ஈர மண்ணுக்கு ஒரு தனி வாசனை உண்டு. பிஞ்சுக் கடலையின் பால் வாசனையும் அதோடு கலந்து வரும்... விடியற்காலையில் வரப்பில் நிற்கும்போது அது மூக்கில் ஏறினால் போதும். இரவு வந்து போயிருக்கிறது என்று அர்த்தம்.

ஐம்பதுகளின் கடைசி அது. ஆர்.கே.பேட்டைக்கு அப்பால், மலையடிவாரத்தில் எங்கள் வேர்க்கடலை நிலம். நிலத்தை எங்கள் பக்கம் கொல்லை என்போம். எனக்கும் சரோஜாவுக்கும் புதிதாகக் கல்யாணமாகியிருந்தது. அத்தை மகள். என்னை மாமா என்று கூப்பிட்டாலும் பேச்செல்லாம் நீ, வா, போ தான்.

அந்த வருஷம் ஒரு ஒற்றைக் காட்டுப்பன்றி வந்தது. கடலையைத் தின்றதோடு விடவில்லை. பக்கத்து நிலத்து முனுசாமி விரட்டப் போனபோது, அவன் தொடையைக் கிழித்துவிட்டது. அவன் அரக்கோணத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவன் மனைவி எல்லம்மா மாசமாக இருந்தாள். அந்த நிலையிலும் தனி ஆளாக நிலத்தைப் பார்த்துக்கொண்டாள்.

என்னிடம் அப்பாவின் ரைஃபிள் இருந்தது. பயிர்க்காவலுக்கு லைசென்ஸும் இருந்தது. கண்தான் சரியில்லை. துப்பாக்கி நுனியில் இருக்கும் குறி தெரிந்தால் பன்றி மங்கும், பன்றி தெரிந்தால் குறி மங்கும். துப்பாக்கி மேல் மாட்டுகிற தொலைநோக்கி, ஸ்கோப் என்பார்கள், அதைப் போட்டால் சரியாகிவிடும் என்று சொன்னார்கள்.

திருவாலங்காட்டில் ரயில் ஏறி மெட்ராஸ் போனோம். அங்கே இருந்த தன் அக்காவைப் பார்க்கிற சாக்கில் சரோஜாவும் வந்தாள்.

துப்பாக்கிக் கடையில் இரண்டே ஸ்கோப்தான் இருந்தன. இரண்டுமே ஊருக்குத் திரும்பிப் போன துரைமார்கள் விட்டுச் சென்றவை. ஒன்று ஃபிக்ஸட்... எப்போதும் இரண்டரை மடங்குதான் பெரிதாகக் காட்டும். இன்னொன்று வேரியபிள். அதில் ஒரு வளையம். திருப்பத் திருப்ப, இரண்டரையில் இருந்து எட்டு மடங்கு வரை போகும்.

எனக்கு அந்த வளையத்தின் மேல் ஆசை வந்துவிட்டது. கடை வாசலில் நின்று எட்டில் வைத்துப் பார்த்தேன். எதிர்சாரி டீக்கடைக்காரரின் சட்டைப் பொத்தான் தெரிந்தது!

"குடு மாமா, நானும் பாக்கறேன்" என்று சரோஜா கை நீட்டினாள். கடைக்காரர் சிரித்துக்கொண்டே கொடுக்கச் சொன்னார். இரண்டையும் மாற்றி மாற்றி வெகுநேரம் பார்த்தாள்.

"இதுல பொத்தான் நல்லாத்தான் தெரியுது. ஆனா அந்தாளு பக்கத்துல ஒரு பொம்பள நின்னுக்கினு இருந்தாளே... அவளக் காணோம்."

"பன்னியச் சுடறதுக்குப் பன்னி தெரிஞ்சா பத்தாதா?" என்றேன் கடுப்பாக.

"நம்ம கொல்லையில பன்னி மட்டுமா கீது? நான் இருப்பேன், எல்லம்மா இருப்பா..."

"சரி, வளையத்த ரெண்டரையிலயே வெச்சிக்கறேன். அப்ப ரெண்டும் ஒண்ணுதானே?"

"வளையம்னு ஒண்ணு இருந்தா நீ திருப்பாம இருப்பியா மாமா?"

கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பிறகு என்னிடம், "அம்மா சொல்றது சரிதான் சார். அதுவுமில்லாம இத திருப்பினா குறியும் கொஞ்சம் நகருது. தூரத்து மானுக்கு எட்டு வேணும். பயிர்க்காவலுக்கு எதுக்கு?" என்றார்.

ஃபிக்ஸடையே மாட்டிக்கொண்டு வந்தேன். ரயிலில் ஊர் வரும்வரை அந்த வளையத்தையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

கடலை பிடுங்குகிற சமயம் வந்தது. ஒரு நாள் விடிந்தும் விடியாத நேரம், பனி இன்னும் விலகவில்லை. எங்கள் நிலத்துக் கோடியில் பன்றி நின்று கிளறிக்கொண்டிருந்தது. வரப்பில் படுத்து ஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். தோள்பட்டை நன்றாகத் தெரிந்தது. மூச்சைப் பிடித்து, விரலை விசையில் வைத்தேன்.

வட்டத்தின் ஓரத்தில் சிவப்பாக ஏதோ அசைந்தது.

சேலை... பன்றிக்குப் பின்னால், அவள் நிலத்தில், எல்லம்மா குனிந்து கடலை பிடுங்கிக்கொண்டிருந்தாள். இடையில் உயர்ந்த வரப்பு, அதற்கு மேலே அவள் முதுகு மட்டும் தெரிந்தது. பன்றி இருப்பது அவளுக்குத் தெரியவில்லை.

விரலை எடுத்துவிட்டு, எழுந்து நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. பன்றி மிரண்டு மலைப்பக்கம் ஓடியது. எல்லம்மா நிமிர்ந்தாள்.

"இன்னா மாமா, காலங்காத்தால இப்டி கத்தற?" என்றவள் ஓடுகிற பன்றியைப் பார்த்தாள், பிறகு என் கையில் இருந்த துப்பாக்கியைப் பார்த்தாள். அப்படியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சரோஜாவிடம் சொன்னேன். அன்றைக்கே சொன்னேனே என்று அவள் ஒரு வார்த்தை குத்திக்காட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் சொல்லவில்லை. கூழைக் கரைத்து, கருவாட்டைச் சுட்டு எடுத்துக்கொண்டு, "அவ பயந்து போயிருப்பா. வா, அவ கொல்லையயும் நாமளே புடுங்கிக் குடுத்துடலாம்" என்று கிளம்பினாள். மத்தியானம் வரை இரண்டு பேரும் எல்லம்மா நிலத்தில்தான் இருந்தோம்.

கொஞ்ச நாள் கழித்து அதே பன்றி வறண்ட ஏரிக்குள் அகப்பட்டது. சுற்றிலும் வெட்டவெளி. அன்று சுட்டேன். முனுசாமி நொண்டிக்கொண்டே ஊர் திரும்பினான். எல்லம்மாவுக்குப் பெண் பிறந்தது. விஜயா என்று பெயர் வைத்தார்கள்.

இப்போது துப்பாக்கியும் இல்லை, லைசென்ஸும் இல்லை. எல்லாம் எப்போதோ ஒப்படைத்தாயிற்று. பன்றிகள் மட்டும் இன்னும் வருகின்றன, பட்டாசு போட்டு விரட்டுகிறார்கள். முனுசாமியும் எல்லம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எங்கள் பிள்ளைகள் கும்மிடிப்பூண்டி பக்கம் கம்பெனி வேலையோடு தங்கிவிட்டார்கள். ஊரில் நானும் சரோஜாவும்தான்.

போன வாரம் எனக்குக் கண்ணில் ஆபரேஷன். நர்ஸ் வேலையில் இருந்து ரிட்டயரான விஜயா கூடவே வந்து இருந்துவிட்டாள். யாரும் கூப்பிடவில்லை. பையை எடுத்துக்கொண்டு அவளாகவே வந்தாள். கட்டுப் பிரித்ததும் நான் முதலில் பார்த்த முகம் அவளுடையது... எவ்வளவு தெளிவாகத் தெரிந்தது தெரியுமா!

சமையலறையில் அவளும் சரோஜாவும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் சத்தத்தில்தான் இதைப் போனில் டைப் செய்தேன். சத்தம் நின்றுவிட்டது. இதோ, விஜயா பக்கத்தில் வந்து நிற்கிறாள்.

"போதும் பெரிப்பா, போன வெய்யி. சொட்டு மருந்து ஊத்தணும்."