பேய்ப்படக் கட்சிக்காரி

பேய்ப்படம் பார்த்தால் பிள்ளைகள் கெட்டுப்போகும், பொம்மைப்படம் பார்த்தால் நல்ல பிள்ளைகளாக வளரும் என்றொரு நம்பிக்கை நம் வீடுகளில் இருக்கிறது. எனக்கு அது கிடையாது. எட்டு வயதில் இல்லை. இன்று என் மகளுக்கே எட்டு வயதான பிறகும் இல்லை. நான் சினிமா தெரிந்தவள் அல்ல. யார் இயக்கியது, யார் இசை என்று கேட்டால் முழிப்பேன். சோற்றைப் பிசைந்துகொண்டே டி.வி. பார்க்கிற ரகம். ஆனால் சோறு வெந்துவிட்டதா என்று சொல்லச் சமையல் பட்டமா வாங்க வேண்டும்?

போன மாதம் என் கணவர் மகளைப் பொம்மைப்படத்துக்குக் கூட்டிப்போனார். குடும்பத்தோடு பார்க்க ஏற்ற படம் என்று போட்டிருந்தார்களாம். நான் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். போனவள் கண் வீங்கித் திரும்பி வந்தாள். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே முயல் குட்டியின் அம்மா செத்துவிட்டதாம். குடும்பத்தோடு பார்க்கலாம் என்கிறார்களே, எந்தக் குடும்பத்தோடு என்று ஒருவரும் சொல்வதில்லை.

இந்தக் கட்சியில் நான் சேர்ந்தது பாளையங்கோட்டையில், மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது. அதற்கு முந்தைய வருடம் என் அம்மா காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். நான் பள்ளிக்கூடம் போயிருந்தேன். சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்புகளாகக் கிடந்தன. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதன் பிறகு அப்பாவின் அக்கா, கல்யாணம் செய்துகொள்ளாத டீச்சர், மாற்றல் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அத்தை வந்த பிறகு வீடு பள்ளிக்கூடம் மாதிரி ஒழுங்காக நடந்தது. மணி அடிக்காததுதான் குறை.

என்னைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று அத்தை படாத பாடு பட்டார். அதற்காகத்தான் பொம்மைப்பட சி.டி. வாங்கி வந்தார். முதலில் வந்தது ஓர் அணில் படம். நெல்லையில் நாங்கள் பார்த்தறியாத சிவப்பு அணில், சென்னைக்காரர் குரலில் தமிழ் பேசியது. பாட்டு முடிவதற்குள் வெள்ளம் வந்து அம்மா அணிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. குஞ்சு அணில் கொஞ்ச நேரம் அழுதது. அப்புறம் ஒரு தவளையும் ஆந்தையும் சிநேகம் ஆயின. மூன்றும் சேர்ந்து ஆடின. கடைசியில் வானத்தில் ஒரு நட்சத்திரம் மின்னியது. அதுதான் அம்மாவாம். குஞ்சு அதைப் பார்த்துச் சிரித்தது.

"பாத்தியாட்டி, அந்தக் குஞ்சு எவ்வளவு தைரியமா இருக்கு?" என்றார் அத்தை.

"நட்சத்திரம் வந்து தலை பின்னி விடுமா?" என்று கேட்டேன்.

அத்தை சி.டி.யை உறையில் போட்டு வைத்துவிட்டு, அடுத்த வாரம் இன்னொன்று வாங்கி வந்தார். அதில் யானை. அதற்கும் அம்மா இல்லை. இவர்களுக்கெல்லாம் அம்மாவைக் கொல்லாமல் கதை சொல்லவே தெரியாதா என்று அன்றைக்கு எழுந்த சந்தேகம் இன்னும் தீரவில்லை. கொன்றாலும் போகட்டும், அடுத்த காட்சியிலேயே பாட்டுப் பாடச் சொல்கிறார்களே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பேய்ப்படம் எனக்குக் கிடைத்தது எதிர்வீட்டில். எதிர்வீட்டு அக்கா வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைப்பாள். சனிக்கிழமை மத்தியானம் கேபிளில் பேய்ப்படம் ஓடும். அத்தை அந்நேரம் எங்கள் கிறிஸ்தவச் சபையின் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருப்பார். அக்கா மெஷினை மிதித்துக்கொண்டும், நான் வெட்டுத் துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டும் பார்ப்போம். பழைய பங்களா, கொலுசுச் சத்தம், வெள்ளைச் சேலை, கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும் தடியான மாமா. எல்லாப் படத்திலும் இவை உண்டு. எனக்கு அலுக்கவில்லை. ஏனென்றால் எல்லாப் படத்திலும் செத்துப்போனவள் திரும்பி வந்தாள். பெயர் மறக்காமல், வழி மறக்காமல், பூட்டிய கதவைத் திறந்துகொண்டு நேராகத் தன் வீட்டுக்கே வந்தாள். யாரும் அவளை நட்சத்திரம் ஆக்கி ஒதுக்கி வைக்கவில்லை. மந்திரவாதி வந்து அவளைச் சீசாவில் அடைக்கிற முடிவுகள் எனக்கு அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. பேய்ப்படத்திலும் குப்பை உண்டு. இல்லை என்று நான் சொல்லவில்லை.

இதெல்லாம் வெளியே வந்தது வீட்டு ஜெபக்கூட்டத்தில். எங்கள் சபையில் மாதம் ஒரு வீட்டில் கூடுவார்கள். அந்த மாதம் எங்கள் முறை. சாயங்காலமே அத்தை பாய் விரித்து, காப்பிக்குப் பாலைக் காய வைத்துவிட்டார். தெருவிலுள்ள சபைக்காரர்கள் வந்தார்கள். ஐயரும் வந்தார். எங்கள் பக்கத்தில் சபையின் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். பாட்டு முடிந்ததும், வீட்டுப் பிள்ளை முதலில் ஜெபிக்க வேண்டும் என்பது வழக்கம்.

எங்கள் ஜெபத்தில் ஒரு வசதி உண்டு. யார் ஜெபித்தாலும் "நல்ல பிதாவே" என்றுதான் முடிப்பார்கள். அந்த இரண்டு வார்த்தை காதில் விழுந்ததும், அதுவரை எங்கே போயிருந்த மனமும் ஓடி வந்து ஆமென் சொல்லிவிடும். பரம்பரைப் பழக்கம். தூக்கத்தில்கூட வாய் தவறாது.

நான் முழங்கால் போட்டுச் சத்தமாகவே ஜெபித்தேன். "அன்புள்ள ஆண்டவரே, படிக்க ஞானம் தாரும். அத்தைக்கு முழங்கால் வலி போக வேண்டும். எங்க அம்மாவைப் பேயாவாவது அனுப்பி வையும். வெள்ளைச் சேலை வேண்டாம், அந்தப் பச்சைச் சேலையே கட்டிட்டு வரட்டும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் நல்ல பிதாவே."

"ஆமென்!" என்றார்கள் எல்லாரும். ஒரு பெரியம்மா ஸ்தோத்திரம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

அதற்கப்புறம்தான் ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஐயர் வேதாகமத்தில் வைத்திருந்த விரலை எடுக்கவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிகிற வாசனை வந்தது. அத்தை எழுந்து ஓடினார்.

வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போன பிறகு அத்தை பிடித்துக்கொண்டார். "என்னட்டி கேட்டு வச்சிருக்க? பிசாசு வந்து நிக்கும்ட்டி வாசல்ல!"

"நிக்கட்டும்."

"ஒங்கம்மா மோட்சத்துல சந்தோசமா இருக்கா. அவளைப் போயிப் பேயிங்கியே!"

"அங்கன இருந்து வர முடியாதுல்லா? பேயின்னா வரலாம்."

"இப்பமே முழங்கால் போடு. தெரியாமக் கேட்டுட்டேன், அந்த ஜெபத்தைத் தள்ளிரும்னு சொல்லு."

"மாட்டேன். எல்லாரும் ஆமென் சொல்லியாச்சு. ஐயரே சொல்லிட்டாவ."

அத்தை தலையில் அடித்துக்கொண்டார். என் வழக்கு அவ்வளவு பலமாக இருந்தது. ஒரு சபையே கூடி ஒப்புக்கொண்ட விண்ணப்பத்தை நான் ஒருத்தி எப்படித் திரும்பப் பெற முடியும்? கூட்டத்தில் கடைசியாக உட்கார்ந்திருந்த அப்பா, பாய்களைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தார். அவர் என்றைக்குமே பேசுகிறவர் இல்லை. பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை. இரும்பு இழைக்கிற சத்தத்தில் இருந்து இருந்து, வீட்டில் சத்தம் போடுவதையே விட்டுவிட்டார் என்று அத்தை சொல்வார்.

தண்டனையாக, எதிர்வீட்டுக்குப் போகக் கூடாது என்று உத்தரவானது. எங்கள் டி.வி.யிலும் கேபிள் வயர் பிடுங்கப்பட்டது. பொம்மைப்பட சி.டி.க்கு மட்டும் அனுமதி. நான் டி.வி.க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டேன். பின்னால் யானை பாடிக்கொண்டிருந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் தினமும் அத்தை கேட்பார், திருப்பி ஜெபிக்கிறாயா என்று. மாட்டேன் என்பேன். அத்தை கெட்டவர் அல்ல. கேட்டுவிட்டு அவரே என் தட்டில் சோற்றைப் பிசைந்து வைப்பார். ஆனால் அம்மா வருவதற்கு இருந்த ஒரே வழியை நான் எப்படி அடைப்பேன்?

கடைசியில் அத்தை ஐயரைக் கூப்பிட்டுவிட்டார். ஒரு சாயங்காலம் அவர் வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"ஏம்மா, ஒனக்குப் பேய்னா பயம் இல்லையா?"

"தெரியாத பேய்னாத்தான் பயம். இது எங்க அம்மால்லா."

ஐயர் காப்பியைக் கொஞ்ச நேரம் ஆற்றிக்கொண்டிருந்தார். பிறகு பைய ஆரம்பித்தார். "நாங்க எல்லாரும் ஆமென் சொன்னதுனால அது நடக்கும்னு நெனைக்க. அப்படித்தானே? உள்ளதைச் சொல்லுதேம்மா. நீ என்ன கேட்டன்னு நான் கவனிக்கவே இல்ல. வசனம் தேடிட்டு இருந்தேன். என் மேலதான் தப்பு."

"எனக்கும் பால் நெனப்புதான் ஐயா. என்ன கேட்டான்னே காதுல ஏறல," என்றார் அத்தை.

"வந்தவிய எல்லாரும் அப்படித்தான் இருந்திருப்பாவ. காதுல வாங்காமச் சொன்ன ஆமென் கணக்குல சேராதும்மா. அதனால நீ ஒண்ணும் திருப்பிக் கேக்க வேண்டாம். அதை அப்படியே விட்டுரு, என்ன?"

அவர் எனக்கு நல்லதுதான் செய்தார். மன்னிப்புக் கேட்காமலேயே தப்பிக்க வழி காட்டினார். ஆனால் இத்தனை நாள் நான் நிமிர்ந்து நின்றதே அந்த ஆமென்களின் பலத்தில். ஒருவர்கூட அதைக் காது கொடுத்துக் கேட்கவில்லை என்றால், அம்மா வர வேண்டும் என்று நான் ஒருத்திதான் கேட்டிருக்கிறேன். அத்தனை பேர் இருந்த வீட்டில் ஒருவருக்கும் அவள் வேண்டாமா? அன்றைக்குத்தான் முதல் தடவையாக எனக்கு அழுகை வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்பா அப்போதுதான் பட்டறையிலிருந்து வந்திருந்தார். கிரீஸ் பட்ட சட்டையோடு நிலைப்படியில் நின்றவர், உள்ளே வராமலேயே சொன்னார்.

"நான் கேட்டுட்டுத்தான் சொன்னேன் ஐயா."

அத்தை திரும்பினார். "என்னலே சொல்லுத?"

"புள்ள ஜெபம் பண்ணினதைக் கேட்டேன். பச்சச் சேலைன்னு சொன்னதும் கேட்டுச்சு. கேட்டுட்டுத்தான் ஆமென் சொன்னேன்."

சொல்லிவிட்டுக் கை கழுவப் பின்கட்டுக்குப் போய்விட்டார். குழாய்த் தண்ணீர் ஓடுகிற சத்தம் வெகு நேரம் கேட்டது. அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். ஐயர் ஆறிப்போன காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். வழக்கமாகக் கிளம்பும்முன் நீளமாக ஜெபிப்பவர், அன்றைக்கு என் தலையில் கையை வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கோ தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டேன்! என் கட்சிக்கு ஆள் கிடைத்துவிட்டது. அதுவும் யார், அப்பா! அவருக்கும் பேய்ப்படம் பிடிக்கும் போலிருக்கிறது, அத்தைக்குப் பயந்து இத்தனை நாள் மறைத்து வைத்திருக்கிறார் என்று முடிவு செய்துகொண்டேன். பின்கட்டுக்கு ஓடிப்போய்க் கேட்டேவிட்டேன்.

"ஒங்களுக்கும் பேய்ப்படம் பிடிக்குமாப்பா?"

"பிடிக்கும்ட்டி," என்றார் முகத்தைக் கழுவிக்கொண்டே.

அதன் பிறகு அத்தை திருப்பி ஜெபிக்கச் சொல்லவில்லை. பிடுங்கிய வயரை அவரே மாட்டிவிட்டார். அம்மா வரவில்லை. பச்சைச் சேலையிலும் வரவில்லை, வெள்ளைச் சேலையிலும் வரவில்லை. அதற்காகப் பேய்ப்படத்தை நான் குறை சொல்ல மாட்டேன். வருவதற்கு ஒரு வழி இருக்கிறது என்றாவது அது சொன்னது. மற்றவர்கள் எல்லாரும் வழியே இல்லை என்பதை இனிப்புத் தடவிச் சொன்னவர்கள்.

அந்தச் சனிக்கிழமை அப்பா அரை நாள் வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்கு வந்து, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைத்தார். படத்தில் ஒரு பேய், தன் பிள்ளை தூங்குகிற கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. போர்வையை இழுத்துவிட்டு, பிள்ளையின் தலையைத் தடவியது. நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டிருந்தார். தோள் இரண்டும் குலுங்கின.

இவ்வளவு பெரிய ஆளுக்கு இவ்வளவு பயமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்பாவுக்குப் பேய் என்றால் நடுக்கம் என்று பல வருடம் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். அவர் முழங்காலில் தட்டிக்கொடுத்து, "பயமா இருந்தா கண்ணை மூடிக்கிடுங்கப்பா. பேய் போனதும் நான் சொல்லுதேன்," என்றேன்.

அப்பா துண்டுக்குள்ளிருந்தே தலையை ஆட்டினார். நான் இன்னொரு முறுக்கை எடுத்துக் கடித்துக்கொண்டு படத்தைப் பார்த்தேன்.