வெள்ளியைத் தொட்டுப் பார்த்தவர்

யோகமலர் பல வருடங்கள் கனடாவின் ஸ்காபரோவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். குளிர்கால விடியலில் எஞ்சின் சூடேறும்வரை வெளியே நின்றால், கிழக்கே வெள்ளி சுடர்விடும். அதைப் பார்த்துப் பார்த்தே அவருக்குக் கிரகங்களில் பைத்தியம் பிடித்தது. நூலகப் புத்தகங்களில் தொடங்கியது, சொந்தத் தொலைநோக்கி, வானியல் சங்கத்தின் மாதக் கூட்டம் என்று வளர்ந்தது.

ஐம்பது வயது தாண்டியதும் கண் அழுத்த நோய் வந்தது. முதலில் பார்வையின் ஓரங்கள் போயின. பிறகு லைசென்ஸ் போனது. கடைசியில் வெளிச்சமும் நிழலும் மட்டுமே மிஞ்சின. தொலைநோக்கியைச் சங்கத்துக்கே கொடுத்துவிட்டு, டோர்செட் பார்க் அப்பார்ட்மென்டுக்குள் முடங்கிக் கிடந்தார்.

ஒரு மத்தியானம் கணவர் தியாகலிங்கம் சமைத்துக்கொண்டிருக்க, யோகமலர் வெள்ளியைப் பற்றிய உரையொன்றைப் போனில் கேட்டுக்கொண்டிருந்தார். வெள்ளியை எந்நேரமும் தடித்த மேகம் மூடியிருக்கிறது. எவ்வளவு பெரிய தொலைநோக்கியால் பார்த்தாலும் தரை தெரியாது. தொண்ணூறுகளில் மகெல்லன் என்ற விண்கலம் அதைச் சுற்றிவந்து, மேகத்தை ஊடுருவும் ரேடார் அலைகளை அனுப்பி, அவை திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு மேடு பள்ளங்களை அளந்தது.

யோகமலர் உரையை நிறுத்தினார்.

“இஞ்சேருங்கோ, அந்த அளவுகளை வைச்சு ஒரு தகட்டில மேடும் பள்ளமுமாச் செய்யலாம்தானே? நான் தொட்டுப் பாப்பன்.”

“ஆர் செய்து தருவினம்?”

“லைப்ரரியில பிளாஸ்ரிக்கில சாமான் செய்யிற மிசின் ஒண்டு இருக்கு. கேட்டுப் பாப்பம்.”

அந்த இயந்திரத்துக்குப் பொறுப்பாயிருந்த கௌசி என்ற பெண்ணுக்கு விஷயம் பிடித்துப்போனது. அளவுகள் இணையத்திலேயே கிடைத்தன. அடுத்த வாரம் கையளவு தகடு தயாரானது. யோகமலர் அதை இரண்டு கையாலும் தடவினார்.

“வழுவழுப்பாக் கிடக்கு, பிள்ளை. ஒண்டும் தெரியேல்லை.”

“உண்மையான அளவில செய்தால் உப்பிடித்தான், அன்ரி. கிரகத்தோட பாக்கேக்க மலை எல்லாம் தூசி மாதிரி.”

“அப்ப உயரத்தை மட்டும் கூட்டுங்கோ.”

இரண்டாவது தகடு விரலைக் குத்தியது. மூன்றாவது சரியாக வந்தது. யோகமலரின் விரல்கள் சமவெளியில் நகர்ந்து, வடக்கே ஒரு மேட்டு நிலத்தில் ஏறி, அங்கிருந்து செங்குத்தாய் உயர்ந்த மலையைத் தொட்டன. எவரெஸ்டை விட உயர்ந்த மாக்ஸ்வெல் மலை அது. அடிவாரத்திலிருந்து ஒரு விரல் மட்டும் மெல்ல மெல்ல மேலே ஊர்ந்தது.

“என்ன யோகம்?” என்றார் தியாகலிங்கம்.

“பொறுங்கோப்பா. நான் இன்னும் ஏறி முடியேல்லை.”

அந்த மாதக் கூட்டத்துக்குத் தகட்டோடு போனார். எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லிக் கையில் கொடுத்தார். செய்தி பரவியது. பிறவியிலேயே பார்வையில்லாத விநாயகமூர்த்தி பக்கத்து நகரான மார்க்கத்திலிருந்து மகளோடு வந்தார்.

“இவ்வளவு காலமும் கிரகமெண்டால் எனக்கு வெறும் பேர்தான்,” என்றவர், தகட்டைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் மடியிலேயே வைத்திருந்தார்.

இப்போது நூலகத்தில் மாதமொரு சனிக்கிழமை யோகமலரின் மேசை இருக்கிறது. வெள்ளியோடு செவ்வாய், சந்திரன் தகடுகளும் அதில் சேர்ந்துவிட்டன. போன முறை விநாயகமூர்த்தி சந்திரனில் ஒரு பள்ளத்தில் விரலை வைத்து, “உதுக்கு என்ன பேர்?” என்று கேட்டார். யோகமலரும் அதே இடத்தைத் தொட்டுப் பார்த்தார்.

“எனக்கும் தெரியேல்லை, அண்ணை,” என்று சிரித்தார். “கையை எடுத்துப்போடாதேங்கோ. கௌசியைக் கூப்பிட்டுக் கேப்பம்.”