நிற்காத பஸ்ஸில் ஒரு பேட்டி

போன சனிக்கிழமை பின்னேரம் என் போனுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. திறந்தால் ஒரே இரைச்சல். வாகனச் சத்தம், பிள்ளைகளின் கைதட்டல், யாரோ பாட்டுப் பாடுகிறார்கள்... எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு குரல்.

"அன்ரி, முதலாமிடம். மாகாணத்தில முதலாமிடம். பிறகு எடுக்கிறன்."

பிறகு எடுக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை, நானே எடுத்தேன். கதைத்து முடிக்கும்போது அடுப்பில் வைத்த சொதி திரைந்து போயிருந்தது. போகட்டும். சொதி நாளைக்கும் வைக்கலாம்.

முதலிடம் வந்தவள் நிலோஜா. உயர்தரம் படிக்கிறாள். வீடு சாம்பல்தீவுப் பக்கம், தகப்பனுக்குக் கடற்றொழில். நகரத்துப் பாடசாலை ஒன்றில் ஊடகக் கழகத்தின் நிருபர் அவள்தான். செய்தி எழுதுகிறவள், வாசிக்கிறவள், வாசித்து முடிந்ததும் மைக் வயரைச் சுற்றி வைக்கிறவளும் அவள்தான்.

பாடசாலை ஊடகக் கழகங்களுக்கான மாகாணப் போட்டியில் களச் செய்திப் பிரிவில் வென்றிருக்கிறாள். எனக்கு ஏன் இவ்வளவு புளுகம், இவ்வளவு சந்தோசம் என்கிறீர்களா? அந்தச் செய்தி பிறந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். பஸ்ஸில், சாரதிக்குப் பின்னால் கம்பியைப் பிடித்தபடி.

முதலில் இருந்து சொல்கிறேன்.

ஒரு மாதத்துக்கு முந்தி அந்தப் பாடசாலையில் ஊடக தினம். நான்தான் நடுவர். எங்கள் ஊரில் பத்தி எழுதுகிறவர்களுக்கு இது ஓர் உபதொழில்... கூப்பிடுவார்கள், போவோம், பொன்னாடை போர்ப்பார்கள், வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருப்போம். அன்றைக்குக் காலைக்கூட்டத்துக்கே வரச் சொல்லிவிட்டார்கள்.

காலைக்கூட்டம் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். தேவாரம், பாடசாலைக் கீதம், நற்சிந்தனை, செய்தி. அந்தச் செய்தியை நானும் படிக்கிற காலத்தில் கேட்டிருக்கிறேன். நேற்றைய பேப்பரில் இருந்து கொப்பி அடித்த நாலு தலைப்பு. அமைச்சர் சொன்னார், அமைச்சர் மறுத்தார், மழை பெய்யலாம். வாசிக்கிற பிள்ளைக்கும் அக்கறையில்லை, வெயிலில் நிற்கிற பிள்ளைகளுக்கும் அக்கறையில்லை.

நற்சிந்தனை முடிந்தது. "அடுத்து, செய்தி வாசிப்பு" என்றார்கள். மைக்குக்கு முன்னால் யாரும் இல்லை.

அதிபர் மணிக்கூட்டைப் பார்த்தார். நிலோஜா பிந்தி வருவது அது முதல் தடவை அல்ல என்று பிறகுதான் அறிந்தேன். இன்னொரு தடவை பிந்தினால் வாசிப்பு வேறொரு பிள்ளைக்கு என்று அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தாராம். காலைக்கூட்டத்தில் வாசிக்கிற பிள்ளைதான் மாகாணப் போட்டிக்கும் போகும். மைக் போனால் போட்டியும் போகும்.

அப்போது ஊடகக் கழகத்துக்குப் பொறுப்பான வசந்தி ரீச்சர் சாரியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடைக்கு ஓடி வந்தார். தன் போனை மைக்குக்குக் கிட்டப் பிடித்தார்.

"வணக்கம். செய்திகள். வாசிப்பது நிலோஜா, சாம்பல்தீவு பஸ் தரிப்பிடத்தில் இருந்து."

மைதானம் நிமிர்ந்தது.

"முதலில் உள்ளூர்ச் செய்தி. புல்மோட்டையில் இருந்து வரும் காலை பஸ் இப்போது கண்ணுக்குத் தெரிகிறது. மாணவர்கள் கை காட்டுகிறார்கள். பஸ் கிட்ட வருகிறது... வந்துகொண்டிருக்கிறது..."

ஒரு ஹோர்ன். எஞ்சின் இரைச்சல் கிட்டே வந்து, காதைப் பிய்த்துக்கொண்டு, தூரமாகிப் போனது.

"...பஸ் போய்விட்டது. வானிலை. சாம்பல்தீவுப் பகுதியில் தற்போது புழுதி. இத்துடன் செய்திகள் நிறைவடைகின்றன."

மைதானம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! சேர்மார் சிரித்தார்கள், மாணவத் தலைவிகள் சிரித்தார்கள், நான் பொன்னாடையோடு சிரித்தேன். அரை மணித்தியாலத்துக்கு முந்தியே தகப்பனுடைய போனில் பதிந்து அனுப்பியிருக்கிறாள். கடலுக்குக் கொண்டு போகிற போன், பொலித்தீன் பைக்குள் சுற்றியபடியே பேசியிருக்கிறாள். அந்தக் கரகரப்பைக் கடற்காற்று என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பிள்ளைகள் சைக்கிளில் வரலாமே என்கிறீர்களா? லொறிகள் பறக்கிற அந்த வீதியில் உங்கள் பிள்ளையை ஒரு கிழமை அனுப்பிப் பாருங்கள், பிறகு பேசுவோம்.

அதிபர் மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கியவளை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். நான் அங்கே பிளேன் ரீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"நல்லாத்தான் வாசிச்சீர் பிள்ளை. ஆனா ஒரு பக்கக் கதையைத்தானே கேட்டனாங்கள்? அந்தச் சாரதி எங்கட மைக்கில வந்து பதில் சொல்ல ஏலுமோ?"

"ஏலாது சேர்."

"அப்ப அவரிட்டயும் கேளும். கேட்டு வெள்ளிக்கிழமை ரெண்டு பக்கத்தையும் வாசியும். இல்லாட்டி மைக்கை மற்றப் பிள்ளையிட்டக் குடுக்கிறன்."

"சேர், பஸ் நிக்கிறேல்லை எண்டதுதானே செய்தி. நிக்காத பஸ்ஸில இருக்கிறவரிட்ட என்னண்டு கேக்கிறது?"

"அது நிருபருடைய வேலை."

இத்தனை வருடமாக எழுதுகிறேன். எந்த ஆசிரியரும் எனக்கு இப்படியொரு வேலை தந்ததில்லை. வெளியே வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்ரி, பெரிய பேப்பர்க்காரர் இப்பிடி நேரம் என்ன செய்யிறவை?"

"போன் எடுத்துக் கேப்பம்."

"பஸ் ஓடேக்க அவர் போன் எடுக்கக்கூடாதெல்லோ?"

சரிதான். நகர பஸ் நிலையத்தில் பிடிக்கலாமே என்றேன். அவர் வந்து சேருகிற நேரம் அவள் வகுப்பில் இருப்பாள், பாடசாலை விடுகிற நேரம் அவர் புல்மோட்டைக்குப் பாதி வழி போயிருப்பார். வேண்டுமானால் நான் போய்க் கேட்கட்டுமா? முகம் அப்படியே மாறிவிட்டது.

"நீங்கள் கேட்டா அது உங்கட செய்தி, அன்ரி."

இந்த வயதில் இந்த வீம்பு! எனக்கு உடனே பிடித்துப் போனது.

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டு நேரம் போன் அடித்தது. நாளைக் காலை நிலாவெளிப் பக்கப் பிள்ளையார் கோயிலடிக்கு வர முடியுமா என்று கேட்டாள்.

"அந்த பஸ் ஆருக்கு நிக்காட்டியும் பிள்ளையாருக்கு நிக்கும் அன்ரி. வாங்கோ. ஆனா நீங்கள் கதைக்கக்கூடாது."

எப்படி எனக்கு இது தோன்றாமல் போனது? எங்கள் பக்கத்தில் எந்தத் தூரப் பயண பஸ் வழியில் ஒரு கோயிலடியில் நிற்காமல் போகிறது? கொண்டக்டர் குதித்து இறங்குவார், உண்டியலில் சில்லறைக் குற்றி ஒன்றைப் போடுவார், கற்பூரம் கொளுத்துவார், திருநீற்றை அள்ளிக்கொண்டு ஓடி வருவார். சாரதி இருந்த இடத்திலேயே கும்பிடுவார். லீவு நாட்களில் அதே பஸ்ஸில் போய் வருகிற நிலோஜா இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள்.

வியாழன் காலை என் ஸ்கூட்டியில் போனேன். மீன் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில் தகப்பன் அவளைக் கொண்டு வந்து இறக்கினார். மனிதருக்குக் குழப்பம்.

"டவுனுக்குப் போறதுக்கு ஏன் பிள்ளை புல்மோட்டைப் பக்கம் வரவேணும்?"

"செய்திக்கு அப்பா" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் கதைக்கக்கூடாது என்பதால் தலையை மட்டும் ஆட்டினேன்.

பஸ் வந்தது. நின்றது. கொண்டக்டர் குற்றியோடு இறங்கினார். இவள் சாரதியின் யன்னலடிக்குப் போய்விட்டாள். அவர் இரண்டு கைகளையும் கூப்பி, கண்ணை மூடி இருக்கிற நேரம். கும்பிடுகிற மனிதரை இடையில் குழப்பலாமா? அவள் குழப்பவில்லை. காத்து நின்றாள். அவர் கண்ணைத் திறந்தபோது முன்னால் பிள்ளையார், பக்கத்தில் வெள்ளைச் சீருடை, பொலித்தீன் பைக்குள் ஒரு போன்.

"வணக்கம் அண்ணை. நான் பாடசாலை ஊடகக் கழகம். எங்கட தரிப்பிடத்தில ஏன் நிப்பாட்டுறேல்லை எண்டு கேக்க வந்தனான்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு பிள்ளையாரைப் பார்த்தார். அந்த இடத்தில் வைத்துப் பொய் சொல்ல யாருக்கு வாய் வரும்?

"ஏறு பிள்ளை. கதைச்சுக்கொண்டு போவம்."

நானும் ஏறிவிட்டேன். ஸ்கூட்டியைக் கோயிலடியிலேயே விட்டுவிட்டேன் என்பது பஸ் வெளிக்கிட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது.

பஸ்ஸுக்குள் மூச்சு விட இடமில்லை. குச்சவெளியிலேயே நிரம்பிவிடுமாம். கண்ணை வீதியில் வைத்தபடி அவர் சொல்லத் தொடங்கினார்.

"போன வருசம் உங்கட தரிப்பிடத்தில நிப்பாட்டினனான். உள்ளுக்கு இடமில்லை எண்டன். கேக்கேல்லை. மிதிபலகையில தொங்கிக்கொண்டு வந்தாங்கள். ஒரு பெடியன் கை வழுக்கி விழுந்திட்டான்."

"அவனுக்கு..."

"ஒண்டும் நடக்கேல்லை. முழங்கால் உரஞ்சினது. சிரிச்சுக்கொண்டு எழும்பிப் போட்டான். எனக்குத்தான் பிள்ளை சோறு இறங்கேல்லை. கண்ணை மூடினா அந்தப் பெடியன்தான் வாறான். நிப்பாட்டினா ஏறுவியள். ஏறினா தொங்குவியள். அதுதான் நிப்பாட்டாமலே போறன்."

அவள் போனை இன்னும் கிட்டப் பிடித்தாள்.

"அண்ணை, இதை நீங்கள் முந்தியே சொல்லியிருக்கலாமே?"

"ஆர் பிள்ளை என்னட்டைக் கேட்டது?"

எத்தனை காலையில் எத்தனை பேர் அந்த பஸ்ஸைத் திட்டியிருப்போம்? நானும் திட்டியிருக்கிறேன். ஒருவராவது கேட்டோமா?

அதற்குள் சாம்பல்தீவுத் தரிப்பிடம் வந்துவிட்டது. பிள்ளைகள் வழக்கம்போலக் கை காட்டினார்கள். பஸ் வழக்கம்போல நிற்கவில்லை. அவர்கள் கண்டதெல்லாம், தங்கள் நிருபர் உள்ளே நின்றபடி தங்களைக் கடந்து போவதுதான். ஒரு பிள்ளையின் வாய் திறந்தபடியே நின்றது. செய்தியின் இரண்டு பக்கத்தையும் இதைவிடக் கிட்ட நின்று பார்த்த நிருபர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

இறங்கும்போது சாரதி அவளைக் கூப்பிட்டார். "பேர் மட்டும் போட்டிடாதை பிள்ளை. டிப்போவில கேள்வி வரும்."

"போடமாட்டன் அண்ணை."

அன்றைக்கு முழுக்கத் தரிப்பிடத்துப் பிள்ளைகள் அவளோடு பேசவில்லையாம். தங்களை விட்டுவிட்டுத் தான் மட்டும் பஸ்ஸில் போய்விட்டாளாம். இது போதாதென்று மறுநாள் காலை, வாசிப்பதற்குச் சற்று முன்னால், அதிபர் எழுதியதை வாங்கிப் பார்த்துவிட்டு, "சாரதியின்ர பேர் எங்க?" என்று கேட்டார்.

"போடமாட்டன் எண்டு சொன்னனான் சேர்."

"பேரில்லாமல் ஆர் நம்புறது? காலை பஸ் ஓடுறது ஆரெண்டு அந்த வீதியில எல்லாருக்கும் தெரியுந்தானே?"

"ஓம் சேர், எல்லாருக்கும் தெரியும். ஆனா நான் சொல்லமாட்டன் எண்டு சொன்னனான்."

"மைக்கை மற்றப் பிள்ளையிட்டக் குடுத்தாலும்?"

"குடுத்தாலும் சேர்."

இதை எனக்குச் சொன்னவர் வசந்தி ரீச்சர். பக்கத்தில்தான் நின்றாராம். அதிபர் தாளை மடித்தார், விரித்தார், கடைசியில் அவளிடமே நீட்டினார். "போய் வாசியும்."

வாசித்தாள். பிள்ளைகள் வெயிலில் நிற்கிற பக்கத்தையும் வாசித்தாள், ஒரு பெடியன் விழுந்த பக்கத்தையும் வாசித்தாள். "ஆர் பிள்ளை என்னட்டைக் கேட்டது?" என்று சாரதி கேட்டதையும் அப்படியே வாசித்துவிட்டு நிறுத்தினாளாம். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் தரிப்பிடத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்து, மைக் வயரைச் சுற்ற உதவி செய்தார்களாம்.

அதிபர் அந்தச் செய்தியை ஒரு கடிதத்தோடு டிப்போவுக்கு அனுப்பினார். கொஞ்ச நாளில் பாடசாலை நேரத்துக்கென்று நிலாவெளியில் இருந்து இன்னொரு பஸ் வெளிக்கிட்டது. பழைய பஸ்தான். யன்னல் பூட்டாது, சீட் ஆடும். ஆனால் நிற்கிறது. பிள்ளைகள் உள்ளே நிற்கிறார்கள், மிதிபலகை சும்மா கிடக்கிறது. நிலோஜா அதற்குப் பிறகு ஒருநாளும் பிந்தவில்லை. அந்தச் செய்தியோடுதான் மாகாணத்துக்குப் போனாள், வென்றாள், பாட்டும் கூத்துமாகத் திரும்பி வந்தாள்.

இதெல்லாம் ஒரு பிள்ளை பஸ் வருகிற பக்கமாகப் போனதால் நடந்தது. நாங்கள் எல்லோரும் பஸ் போன பக்கத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டு நின்றோம்.

திங்கட்கிழமை லீவு. வெற்றிக் கிண்ணத்தையும் தூக்கிக்கொண்டு கோயிலடிக்குப் போயிருக்கிறாள், புல்மோட்டை பஸ் வருகிற நேரம் பார்த்து. கும்பிட்டு முடியும் வரை காத்திருந்து யன்னலால் காட்டினாளாம். அவர் கிண்ணத்தை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்.

"அப்ப என்ர பேர் ஒரு இடத்திலயும் வரேல்லையோ?"

"இல்லை அண்ணை. நீங்கள்தானே வேண்டாம் எண்டனீங்கள்."

கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்து, கியரைப் போட்டு, பஸ் நகரும்போது தலையை வெளியே நீட்டினாராம்.

"இனிப் போடலாம் பிள்ளை."

அவர் பெயர் தங்கராசா.