ஒரு மணிக்குத் திரும்பும் கேமரா

ஆன்லைன் ஏலத்தில் பொருள் எடுக்கிறவர்களுக்கு ஒரு கிறுக்குப் பிடிக்கும். கடைசி இரண்டு நிமிடத்தில் பொருள் மறந்துவிடும், எதிராளி மட்டும்தான் கண்ணுக்குத் தெரிவான். எனக்கும் அதுதான் நடந்தது. நான் தேடியது ஒரு பழைய கேமரா. அது கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும், படம் நம் செல்போனில் தெரியும், அதன் வழியாகப் பேசவும் செய்யலாம்.

நான் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறேன். பக்கவாதத்தில் வலது கையும் பேச்சும் போன அப்பா, ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் பகலெல்லாம் தனியாகக் கிடந்தார். சாப்பாட்டைத் தொடுவதில்லை. இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பயத்தில்தான் ஏலத்தில் இறங்கினேன். யாரோ ஒருவர் கடைசிவரை மல்லுக்கு நின்றார். விடுவேனா? புதுசே வாங்கியிருக்கலாம் என்கிற விலைக்கு ஜெயித்தேன்.

பெட்டி இல்லை, பில் இல்லை, திருப்பித் தரவும் முடியாது. விற்றவன் பழைய பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, அப்படியே போட்டு ஓட்டிக்கொள்ளலாம் என்று ஒரு வரி சேர்த்திருந்தான். வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன்.

அப்பாவுக்கு மதியச் சோறு கொண்டுவந்து வைப்பது எதிர்வீட்டு மதினி. "ஏட்டி, அடுத்தவிய வீட்டுச் சாமான். யாரு கண்ணு பட்டுக் கெடக்கோ, சும்மா மாட்டாத," என்றார். எலுமிச்சம்பழத்தைச் சுற்றித் தெருவில் நசுக்கி, சூடம் காட்டி, குங்குமம் வைத்து, அப்புறம்தான் மாட்டினோம். இவ்வளவும் செய்த எனக்குப் பாஸ்வேர்டை மாற்றத் தோன்றவே இல்லை.

கம்பெனியில் பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு இடைவேளை. அந்த அரை மணி நேரம் மட்டும்தான் போன் கையில் இருக்கும், மற்ற நேரமெல்லாம் லாக்கரில். அப்பாவைப் பார்த்துவிட்டு, அது நாளெல்லாம் அவர் முகத்தையே பார்க்க வேண்டாம் என்று கேமராவை வாசல் பக்கம் திருப்பி வைத்துவிடுவேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அது கட்டிலைப் பார்த்துக்கொண்டிருக்கும். பழசுதானே, மோட்டார் தேய்ந்திருக்கும் என்று நினைத்தேன்.

ஒருநாள் மதினி சொன்னார். "மாமா இப்பல்லாம் ஒரு பருக்கை மிச்சம் வைக்கிறதில்ல. தட்ட வச்சதும் சட்டைய மாட்டிவிடச் சொல்லிக் கை காட்டுதாவ. யாரும் வந்துட்டுப் போறாவளா?"

யாரும் வருவதில்லை. சந்தோஷப்பட வேண்டிய நான் அன்று ராத்திரி வாசல் தாழ்ப்பாளை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். மதினி சோறு வைத்து, சட்டையை மாட்டிவிட்டுப் போனார். அப்பா இடது கையால் தலைமுடியைக் கோதிவிட்டுக்கொண்டு கேமராவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மணி ஒன்று. கிர்ரென்று மெல்லிய சத்தம். கேமரா தன்பாட்டுக்குத் திரும்பி அப்பாவிடம் வந்து நின்றது.

"அப்பா, சாப்பிடுங்க. ரசத்த ஊத்திப் பிசைஞ்சுக்கோங்க."

ஒரு பெண்ணின் குரல். அப்பாவின் பாதி வாய் சிரித்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ மாதமாகியிருந்தது. கடைசி வாய்வரை அந்தக் குரல் சொல்லச் சொல்ல அவர் சாப்பிட்டார்.

நான் வெளியே வந்து யார் நீ என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னாள். அது அவள் தன் அப்பாவைப் பார்த்துக்கொள்ள வாங்கிய கேமரா. அவர் இறந்த பிறகு அவளுடைய அண்ணன் அதை ஏலத்தில் போட்டுவிட்டான். தெரிந்ததும் திருப்பி எடுக்கப் பார்த்திருக்கிறாள், யாரோ விடவில்லை. பழக்கதோஷத்தில் ஒருநாள் போனில் பழைய பாஸ்வேர்டையே போட்டுக் கேமராவைத் திறந்தால், அவள் அப்பா இருந்த இடத்தில் வேறொரு மனிதர் படுத்திருக்கிறார், பக்கத்தில் தொடாத தட்டு.

"எங்கப்பாவும் இப்படித்தான் தட்டத் தள்ளிவச்சுட்டுப் படுத்துக்குவாரு," என்றாள். "மன்னிச்சிருங்கக்கா."

மல்லுக்கு நின்றது அவள்தான். ஆனாலும் எனக்கு இரக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்தக் கேமராவுக்கு முன்னால்தான் இத்தனை நாளும் சேலை மாற்றியிருக்கிறேன், தூங்கியிருக்கிறேன். அப்போதே பாஸ்வேர்டை மாற்றி, மற்ற எல்லாப் போனிலிருந்தும் கணக்கை வெளியேற்றினேன்.

அடுத்த நாள் சூப்பர்வைசரிடம் கெஞ்சிப் போனை வாங்கி, சரியாக ஒரு மணிக்குக் கேமராவைத் திருப்பி, "அப்பா, சாப்பிடுங்க," என்றேன். அவர் தலையைத் தூக்கிக் காது கொடுத்தார். நான்தான் என்று தெரிந்ததும், இடது கையால் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மூன்று நாள் வெறும் பால்தான் இறங்கியது. நான்காம் நாள் அந்தத் துண்டுச் சீட்டைத் தேடி எடுத்து, பழைய பாஸ்வேர்டையே திரும்பவும் போட்டேன். அவள் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. ஏலத் தளத்தில் விற்றவனின் பக்கத்தையும் காணோம். சாயங்காலம் வந்து பார்த்தால் கேமரா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த நாளும் அப்படித்தான்.

அதற்கும் அடுத்த நாள் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து கதவைத் திறந்தேன். கேமரா கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தது. தட்டு காலி. எனக்கு நிம்மதியாக இருந்தது, வயிறும் எரிந்தது. அப்பா எல்லாப் பொத்தானும் போட்ட சட்டையோடு தூங்கிக்கொண்டிருந்தார். நான் அதைக் கழற்றிவிடவில்லை.