ரயிலில் வந்த பாலாற்றுத் தண்ணீர்

குழாய் எங்கள் லைனுக்கு, சுரங்கத் தொழிலாளிகளின் வரிசை வீடுகளுக்கு, வந்த வருஷம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பேத்தமங்களா ஏரியிலிருந்து தங்கச் சுரங்கம் வரைக்கும் இரும்புக் குழாய் பதித்துக்கொண்டிருந்தார்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, சுரங்கத்து ஸ்டோரில் எழுத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்த எனக்கு, ஞாயிற்றுக்கிழமை வந்தால் அந்தக் குழாயோடு கூடவே நடப்பதுதான் பொழுதுபோக்கு. எங்கே பாறைக்கு வெடி வைத்தார்கள், எந்த மூட்டில் ஒழுகுகிறது, ஏரிக்கரையில் நிற்கும் இஞ்சின் எப்படித் தண்ணீரை மேடேற்றுகிறது, எல்லாம் எனக்குத் தெரியவேண்டும். தெரிந்ததை எல்லாரிடமும் சொல்லியும் தீரவேண்டும். "வந்துட்டாரு பாரு குழாய் மேஸ்திரி" என்று லைனில் கேலி பேசுவார்கள். பேசட்டுமே. எங்கள் லைன் முனை வரை குழாய் வரவேண்டும் என்று இங்கிலீஷில் மனு எழுதிக் கொடுத்தவனும் நான்தான்.

அதற்கு முன் நாங்கள் குடித்தது கிணற்றுத் தண்ணீர். கோடையில் வாளி அடியில் போய் மோதிச் சேற்றைத்தான் அள்ளி வரும். அப்படி ஒரு கோடையில் வாந்திபேதி வந்தது. காலை ஷிஃப்டுக்கு இறங்கிய என் அப்பாவைப் பாதியிலேயே, ஆளை ஏற்றி இறக்குகிற கேஜில் தூக்கி வந்தார்கள். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதனால்தான், குழாயைத் திறந்த அன்று அம்மா தண்ணீரைக் குடிக்காமல் கையில் ஏந்திப் பார்த்துக்கொண்டே நின்றாள். "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?" என்று அந்தத் தண்ணீரைத்தான் கேட்டாள்.

அக்காவை எங்கள் பூர்வீக ஊர்ப் பக்கமே, வாணியம்பாடிக்குக் கிழக்கே, பாலாற்றங்கரையில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாமா நிலத்துக்காரர். ஆற்றில் வெள்ளம் இல்லாத மாதங்களில் ஊரார் கூடி மணலில் நீளமாகக் கால்வாய் தோண்டுவார்கள். அடியில் ஊறுகிற தண்ணீர் அதன் வழியே வயலுக்குப் போகும். ஊற்றுக்கால் என்பார்கள். மாமாவின் பயிரெல்லாம் அதை நம்பித்தான். எங்கள் பிழைப்பை அவர் மதிப்பதில்லை. "எலி மாதிரி பூமிக்குள்ள பூந்து பூந்து வர்றீங்க" என்பார்.

தலைப்பிரசவத்துக்கு அக்கா எங்களிடம் வந்திருந்தாள். பையன் பிறந்தான். பேர் வைக்கிற அன்று குழந்தைக்கு ஊற்றும் தண்ணீரில், பூர்வீக ஊர் ஆற்றுத் தண்ணீர் ஒரு செம்பாவது கலக்கவேண்டும் என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். மாமா அதைத் தவலையில் பிடித்து, வாயைத் துணியால் கட்டி, ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தார். பெண்டாட்டி பிள்ளையைக் கையோடு ஊருக்கு அழைத்துப்போவதாக ஏற்பாடு.

துணியை அவிழ்த்தால் தவலை பாதிதான் இருந்தது.

"இன்னா மாமா, ரயில்ல குலுங்கி ஊத்திடுச்சா?"

"ஊத்தல மச்சான். கெடச்சதே இவ்ளோதான். மார் ஒசரம் தோண்டியும் கண்ணீர் மாரி கசியுது. இதையும் வடிகட்டித்தான் எடுத்தாந்தேன்."

"இன்னாத்துக்கு மாமா இந்தப் பாடு? பாலாத்துத் தண்ணிதானே வேணும்? நம்ம குழாயத் திறந்தா அதுதான் வருது!"

அவர் நம்பவில்லை. எனக்கு அது போதாதா? அடுப்புக் கரியை எடுத்துத் தரையில் ஆற்றை வரைந்தேன். இதோ நந்தி மலை, இங்கே பிறக்கிறது. இதோ பேத்தமங்களா, இங்கே ஏரி. அப்புறம் இப்படி இறங்கி, இதோ உங்கள் ஊர். "இப்ப கரையை ஒசத்திட்டாங்க மாமா. முன்ன மாதிரி தண்ணி வழிஞ்சி வீணாப் போவாது."

மாமா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீணாப் போறதுன்னா, எங்க போறது மச்சான்?"

என் விரல் அப்போது அவருடைய ஊரின் மேல் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏரியைக் காட்டச் சொன்னார். கூட்டிப்போனேன். இஞ்சின் பார்க்கிறவன் தூரத்திலிருந்தே, "இன்னா சார், சொந்தக்காரருக்கு உங்க ஏரியக் காட்டறீங்களா?" என்று கத்தினான். வேறு நாளாயிருந்தால் அந்த 'உங்க ஏரி'க்கு நான் பூரித்திருப்பேன். மாமா தண்ணீர் இருந்த பக்கம் திரும்பவே இல்லை. ஏரி நிரம்பினால் வழிகிற கோடிச் சுவரின் மேல் போய் நின்றார். கல்லெல்லாம் காய்ந்து கிடந்தது. கீழே ஆடுகள் படுத்திருந்தன.

"இது எப்ப வழியும்?"

"நல்ல மழ பெஞ்சா வழியும் மாமா."

"நல்ல மழ பெஞ்சா எங்களுக்கே கீதே மச்சான். இல்லாதப்பதானே வேணும்."

திரும்பும்போது பாதி வழியில் நின்றார். "குழாய் வேணும்னு லைன் சனத்துக்கு நீதானே மனு எழுதுன? அதே மாரி எங்க ஊருக்கும் ஒண்ணு எழுதிக் குடு. எல்லாத் தண்ணியும் கேக்கல. வெயில் காலத்துல அப்பப்ப மதகத் திறந்து விடட்டும். மணல் நனைஞ்சா போதும்."

மறுநாள் காலையில் காகிதத்தை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். 'மேன்மை தங்கிய' என்பதற்குரிய இங்கிலீஷைத் தாண்டிப் பேனா நகரவில்லை. குழாயடியிலிருந்து குடத்தோடு வந்த அக்கா எட்டிப் பார்த்தாள்.

"அவர் கேட்டதா? எழுதுனா இன்னா ஆவும்?"

"திறந்து விட்டா ஏரி கொறையும். கோடையில குழாய நிறுத்தி நிறுத்தித்தான் விடுவாங்க. மறுபடியும் கிணறுதான்."

"அப்ப எழுதாத."

"அக்கா, மாமா உள்ளதான் கீறாரு."

"கேக்கட்டும். அப்பாவத் தூக்கினு வந்தது நீ மறந்துட்டியா? எம்புள்ள இந்தத் தண்ணியத்தான் குடிக்கணும்."

உள்ளே மாமா துண்டை உதறும் சத்தம் கேட்டது. நான் பேனாவைத் துடைத்து வைத்தேன். அக்கா சொல்லிவிட்டாள், இனி என் மேல் பழி இல்லை என்று நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி வந்தது. மனு எழுதாததைவிட, அந்த நிம்மதிதான் என்னை இன்னும் அறுக்கிறது. எழுதியிருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள் என்று சமாதானம் சொல்லிப் பார்க்கிறேன். முந்தைய மனுவைக் கேட்டார்களே.

பேர் வைக்கிற அன்று அம்மா தவலைத் தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும் ஒரே அண்டாவில் ஊற்றினாள். ஒரே தண்ணீர்தானே என்று அன்று நான் சொல்லவில்லை. மாமா குழந்தையின் தலையில் ஒரு கை வார்த்தார். அடுத்த ரயிலில் தனியாகவே ஊருக்குத் திரும்பினார். "மழ வரட்டும், வந்து இட்டுனு போறேன்" என்று அம்மாவிடம் சொன்னார். மனுவைப் பற்றி என்னிடம் கேட்கவேயில்லை.

மழை சரியாக வரவில்லை. ஊற்றுக்கால் வெட்ட ஊரில் ஆள் சேரவில்லையாம், பாதிப் பேர் எங்கெங்கோ பிழைக்கப் போய்விட்டார்களாம். அடுத்த கோடையில் மாமா எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் தவலை இல்லை. "எலி வேல எதுனா கீதா மச்சான்?" என்றார், சிரித்துக்கொண்டே. நான்தான் அழைத்துப்போய்ச் சுரங்கத்து ஷாஃப்டில் வேலைக்குச் சேர்த்துவிட்டேன்.

இப்போது அவர் இரண்டாவது ஷிஃப்டுக்கு இறங்குகிறார். மேலே வந்ததும் நேரே குழாயடிக்குப் போய், குனிந்து, வாயை வைத்து நெடுநேரம் குடிக்கிறார். குடத்தோடு காத்திருக்கும் பெண்கள் விடுவார்களா?

"யோவ், எங்களுக்கும் கொஞ்சம் விட்டு வெய்யி. உங்க ஊரு ஆறா இது?"

"ஆமாம்மா" என்று வாயைத் துடைத்துக்கொண்டு மாமா நகர்கிறார். அவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

நான் குடத்தை வைத்துப் பிடிக்கிறேன்.